தனியாளுக்குக் கவுன்டர் கொடுப்பது யார்?

கேள்வி: ஆறு பகுதிகள் கொண்ட வெப் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகனுக்கு 61 வயது, ஓய்வுபெற்ற கணக்காளர். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். முதல் பகுதியில் தன் பிறந்த நாளன்று தனியாகக் கேக் வெட்டித் தனக்குத்தானே ஊட்டிக்கொள்கிறார். படித்த நண்பர்கள் சிரித்தார்கள், ஆனால் அந்த மனிதரைக் கேலி செய்து சிரித்த மாதிரி இருந்தது. மாற்றி எழுதினால் அழுகாச்சி சீரியல் ஆகிவிடுகிறது. ஜப்பானியத் தொடர்களில் தனிமையும் விரக்தியும் சிரிப்போடு வருகின்றன, ஆனாலும் யாரும் சிறுமைப்படுவதில்லை. எப்படிச் செய்கிறார்கள்? எதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கேக் காட்சியிலிருந்தே தொடங்கலாம். அந்த மனிதர் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. தான் தனியாக இருப்பதை நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கேக்கும் மெழுகுவர்த்தியும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, எழுதுகிற உங்களுக்கு வேண்டியிருந்தது. பார்ப்பவர்களுக்கு இது உடனே தட்டுப்பட்டுவிடும். அப்புறம் சிரித்தாலும் அவரை மேலேயிருந்து பார்த்துச் சிரிப்பார்கள், அழுதாலும் ‘ஐயோ பாவம்’ என்று மேலேயிருந்தே அழுவார்கள். உங்கள் நண்பர்கள் செய்தது முதலாவது, நீங்கள் மாற்றி எழுதியபோது வந்தது இரண்டாவது.

ஜப்பானியர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள அவர்களுடைய மேடை நகைச்சுவையிலிருந்து இரண்டு சொற்கள் போதும். ‘மன்ஸாய்’ என்பது இருவர் நின்றுகொண்டு பேசும் நகைச்சுவை. ஒருவர் ‘பொகே’, தடம் மாறி அசட்டுத்தனமாகப் பேசுகிறவர். இன்னொருவர் ‘த்ஸுக்கோமி’, அந்த நொடியே குறுக்கிட்டு ‘என்னய்யா பேசுற?’ என்று மண்டையில் தட்டுகிறவர். செந்தில் ஒன்று சொல்ல, கவுண்டமணி திருப்பிக் கொடுப்பாரே, அதுதான். நாம் கவுன்டர் என்பதை அவர்கள் த்ஸுக்கோமி என்கிறார்கள்.

இப்போது ஒரு தனியாளை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் ஏதோ அசட்டுத்தனம் செய்கிறார், தட்டிக் கேட்க ஆளில்லை. நாளாக ஆக அந்த அசட்டுத்தனமே அவருடைய சட்டமாகிவிடுகிறது. நல்ல ஜப்பானியத் தொடர்கள் தனிமையை இந்த இடத்தில்தான் பிடிக்கின்றன என்பது என் கருத்து. தனிமைப்பட்டவர் என்றால் கவுன்டர் கொடுக்க ஆளில்லாதவர். அதனால் எழுதுகிறவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ‘இவருக்குக் கவுன்டர் கொடுக்கப்போவது யார்?’ என்பது. அந்தப் பதில் தொடருக்குத் தொடர் மாறும், சிரிப்பின் நிறமும் அதோடு மாறும்.

மிக எளிய பதிலை 2012-இல் டிவி டோக்கியோவில் தொடங்கிய ‘கொதொகு நோ குருமே’ தொடரில் பார்க்கலாம். தனியாகச் சாப்பிடும் உணவுப் பிரியர் என்று பொருள். மட்ஸுஷிகே யுதகா நடிக்கும் இனொகஷிரா கொரோ வெளிநாட்டுப் பொருள்களை இறக்குமதி செய்து விற்கும் வியாபாரி. வேலையாக ஓர் ஊருக்குப் போகிறார், திடீரென்று பசிக்கிறது, ஒரு கடையைத் தேடிப் பிடிக்கிறார், சாப்பிடுகிறார். கதை இவ்வளவுதான். மது குடிக்கமாட்டார் என்பதால் மதுக்கடையிலும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வாயைத் திறந்து பேசுவது கொஞ்சம், மைண்ட் வாய்ஸ் ஓடுவதோ நிற்காமல். ஒரு துண்டு இறைச்சியை எப்போது எடுப்பது, மிச்சச் சோற்றுக்கு எது தொட்டுக்கொள்ளக் காணும் என்று ஒரு தளபதி மாதிரி திட்டம் போடுவார். பொகேயும் அவரே, த்ஸுக்கோமியும் அவரே. பசி வந்ததும் அவர் அசையாமல் நிற்க, கேமரா மூன்று தாவலில் பின்னால் போகும். பெரிய ஊருக்கு நடுவே ஒரு சின்ன மனிதர் வாயைப் பிளந்தபடி நிற்பார். தனிமையைச் சொல்ல அதற்கு மேல் ஒரு வசனம்கூட வேண்டியிருக்கவில்லை. அடுத்த நொடியே அவர் கடை தேடக் கிளம்பிவிடுவதால் பரிதாபப்பட நமக்கு நேரமும் கிடைப்பதில்லை.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது 2006-இல் ஃபூஜி டிவி வழியாக வந்த 12 பகுதித் தொடர், ‘கெக்கோன் தெகினாய் ஒதொகோ’. கல்யாணம் செய்துகொள்ள முடியாத ஆண் என்று அர்த்தம். அபே ஹிரோஷி நடிக்கும் குவானோ ஷின்ஸுகே 40 வயதுக் கட்டடக் கலைஞர். இரவில் சாஸ்திரிய இசையை உரக்கப் போட்டுவிட்டு, நடு அறையில் நின்று, முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் தானே நடத்துவதுபோலக் கையை வீசுவார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தூக்கம் போய்விடும். தனக்கு ஒருவனுக்காக ஒழுங்காகச் சமைத்து ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிடுவார். இதில் எதையும் அவர் சோகமாகச் செய்வதில்லை, பிரமாதமாகச் செய்கிறார். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தனியாளுக்கு ஏதாவது ஒன்று மிக நன்றாகச் செய்ய வரவேண்டும். அப்போது நாம் சிரிப்பது அவருடைய அளவுமீறிய சிரத்தையைப் பார்த்து. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மரியாதையும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

குவானோவுக்குக் கவுன்டர் கொடுக்க ஆரம்பத்தில் ஆளில்லை. எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகிப்போகிறார்கள். அவரோடு நின்று சண்டை போடுகிறவர் மருத்துவர் ஹயசகா நட்ஸுமி. அவர்கள் பேசிக்கொள்வதைக் காதல் என்று சொல்ல முடியாது, ஒரே வாக்குவாதம். ஆனால் அந்த வாக்குவாதம் தொடங்கியதுமே அவருடைய தனிமையில் ஓர் ஓட்டை விழுந்துவிடுகிறது. கல்யாணத்தில் கொண்டுபோய் முடித்துத் தனிமைக்கு மருந்து கொடுக்க அந்தத் தொடர் அவசரப்படவில்லை. 2019-இல் வந்த இரண்டாம் தொடரிலும் அவர் பிரம்மச்சாரிதான்.

அடுத்து ‘குவார்டெட்’. உங்களுக்கு நான் முதலாவதாகச் சிபாரிசு செய்வது இதைத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். 2017 ஜனவரி முதல் மார்ச் வரை டிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது, எழுதியவர் சகமொதோ யூஜி. 30 வயது தாண்டிய நான்கு இசைக் கலைஞர்கள், யாருமே பெரிதாக வெற்றி பெறாதவர்கள், பனி பெய்யும் கருயிஸாவாவில் ஒரே வீட்டில் தங்கி வாசிக்கிறார்கள். முதல் பகுதியில் இரவுச் சாப்பாடு. நடுவில் ஒரு பெரிய தட்டில் கராகே, அதாவது பொரித்த கோழி. இருவர் எலுமிச்சையை எடுத்து மொத்தத் தட்டிலும் பிழிந்துவிடுகிறார்கள். தகஹாஷி இஸ்ஸெய் நடிக்கும் இயெமொரி உறைந்துபோகிறார். ஏன் கேட்காமல் பிழிந்தாய்? பிழிந்த எலுமிச்சையை மறுபடி எடுக்க முடியுமா? சில நிமிடங்களுக்கு இதே வாக்குவாதம். பார்க்க வயிறு வலிக்கும்.

பிறகுதான் மட்ஸு தகாகோ நடிக்கும் மகியின் கதை தெரியவருகிறது. அவருடைய கணவர் காணாமல்போய்விட்டார். திருமணமான நாளிலிருந்து கணவருக்காகக் கராகேயில் எலுமிச்சை பிழிந்து வைத்தவர் மகி. ஒருநாள் மதுக்கடையில் அதே கணவர் இன்னொருவரிடம், தனக்குக் கராகேயில் எலுமிச்சை பிடிக்காது என்று சொல்வது அவர் காதில் விழுகிறது. நாம் சிரித்த அதே எலுமிச்சைதான். சிரிக்கும்போதே அந்தத் துயரத்துக்கான பொருளை நம் கையில் கொடுத்துவைத்திருக்கிறார் சகமொதோ. இது ஓர் எழுத்துமுறை, கற்றுக்கொள்ளக்கூடியது. துயரத்தைச் சொல்லப் புதுப்பொருள் கொண்டுவராமல், ஏற்கெனவே சிரித்த பொருளையே திரும்பக் கொண்டுவருவது. கடைசிப் பகுதியில் இதே மனிதர்கள் தட்டின் ஓரத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் பார்ஸ்லி இலையைப் பற்றிப் பேசுவார்கள். சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, அது அங்கே இருப்பதைக் கவனி என்கிறார் இயெமொரி. அவர்கள் நால்வரும் இந்த உலகத்துக்கு அந்த இலை மாதிரிதான் என்று யாரும் விளக்குவதில்லை. நீங்களும் விளக்கவேண்டாம்.

மூன்றாம் பகுதியைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள். மிட்ஸுஷிமா ஹிகாரி நடிக்கும் சுஸுமேயைச் சிறுவயதில் பொய் சொல்லவைத்துப் பணம் பார்த்த அப்பா, மருத்துவமனையில் சாகக் கிடக்கிறார். அவளுக்குப் போக மனமில்லை. தேடி வந்த மகியும் அவளும் ஒரு சாதாரண உணவுக்கடையில் உட்கார்ந்து கட்ஸுதோன் சொல்கிறார்கள், சோற்றின் மேல் பொரித்த பன்றி இறைச்சியும் முட்டையும் போட்ட கிண்ணம். உணவு வருவதற்குள் மரணச் செய்தி வந்துவிடுகிறது. போகத்தான் வேண்டுமா என்கிறாள் சுஸுமே. போக வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்ளும் மகி பேசுவதெல்லாம் வீட்டுப் பொருள்களைப் பற்றி. நம் தலைமுடியில் ஒரே வாசனை வருகிறது, ஒரே தட்டு, ஒரே டம்ளர், உள்ளாடைகூட ஒரே சலவை இயந்திரத்தில் சேர்ந்து சுழல்கிறது, அப்படி ஓர் இடம் இருந்தால் போதாதா? உள்ளாடை என்ற சொல் வரும் இடத்தில் லேசாகச் சிரிப்பு வரும், அதே மூச்சில் கண்ணும் கலங்கும். பிறகு இருவரும் அழுதபடி சாப்பிடுகிறார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டிருப்பவர்களால் வாழ்ந்துவிட முடியும் என்று மகி சொல்வது ஜப்பானில் இன்றும் பேசப்படும் வசனம். சலவை இயந்திரம் முன்னால் வராமல் அந்த வசனம் மட்டும் வந்திருந்தால் அது காலண்டர் வாசகமாகியிருக்கும்.

விரக்திக்கு வருகிறேன். இது தனிமையைவிடக் கடினம். குதோ கன்குரோ எழுதி 2002-இல் வந்த ‘கிஸராஸு கேட்ஸ் ஐ’ தொடரில் நாயகன் புஸ்ஸானுக்குப் புற்றுநோய், ஆறு மாதம்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். நண்பர்கள் சேர்ந்து பேஸ்பால் ஆடுகிறார்கள், பியர் குடிக்கிறார்கள், திருட்டுக் கும்பல் ஒன்றும் நடத்துகிறார்கள். பேஸ்பாலில் ஒன்பது இன்னிங்ஸ், அதனால் ஒன்பது பகுதி. ஒவ்வொன்றிலும் பாதி முடிந்ததும் கதை பின்னால் ஓடி, அதே சம்பவத்தின் மறுபக்கத்தைக் காட்டும். சாகப்போகிறவனின் கதையில் காலம் திரும்பத் திரும்பப் பின்னால் ஓடுவதைக் கவனியுங்கள். வெளியே பார்த்தால் அது வெறும் சிரிப்பு வித்தைதான்.

புஸ்ஸான் கேட்பது ஒன்றுதான், எப்போதும்போல இருப்பது. ஒருவனுக்குச் சாவு நெருங்குகிறது என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் முதலில் நிறுத்துவது கவுன்டரைத்தான். அவன் என்ன உளறினாலும் தலையாட்டுவார்கள். அந்த மரியாதை அவனை உயிரோடு இருக்கும்போதே ஒதுக்கிவைத்துவிடுகிறது. அதனால் நண்பன் அவனைப் பழையபடி திட்டும்போது வரும் சிரிப்பில் அத்தனை ஆறுதல் இருக்கிறது. உங்கள் தொடரிலும் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நாயகன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டட்டும். திட்டுகிற முதல் ஆளுக்காக நாங்கள் காத்திருப்போம்.

2019-இன் ‘நகி நோ ஒயிதொமா’வையும் ஒரு பார்வை பாருங்கள். அலுவலகத்தில் எல்லோர் மனதையும் படித்து நடந்தே களைத்துப்போன 28 வயதுப் பெண் ஒருநாள் மூச்சுத் திணறி விழுகிறாள். வேலை, காதலன், கைப்பேசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு டோக்கியோவின் ஓரத்தில் குளிர்சாதனம் இல்லாத ஓர் அறைக்குக் குடிபோகிறாள். அந்த ஓட்டைக் கட்டடத்தின் பெயர் ‘எலிகன்ஸ் பேலஸ்’. கையில் பத்து லட்சம் யென் சேமிப்பு. தினமும் காலையில் இஸ்திரி போட்டு நேராக்கிவந்த அவள் சுருட்டை முடி முதல் முறையாக இஷ்டத்துக்கு விரிகிறது. அதே கட்டடத்துப் பாட்டி ரொட்டி ஓரத் துண்டுகளை வைத்து இனிப்புக் குச்சி செய்து தருகிறார். விரக்தியைக் கணக்கில் காட்டுகிறார்கள், எவ்வளவு பணம், எத்தனை துண்டு ரொட்டி என்று. எண்கள் வந்தால் சுயபரிதாபம் ஓடிவிடும்.

இந்தத் தொடர்களுக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி ஜப்பானில் 38 சதவீத வீடுகளில் ஒரே ஆள். 2021 பிப்ரவரியில் தனிமைப் பிரச்சினைக்கென்றே அமைச்சர் ஒருவரை நியமித்தார்கள். தனியாக வாழ்ந்து வீட்டில் இறந்துகிடந்தவர்கள் 2024-இல் 76,020 பேர் என்று காவல்துறை கணக்குச் சொன்னது. 2025-இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கே ‘ஹிதொரி தெ ஷினிதாய்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடரே எடுத்தது. ‘தனியாகச் சாக ஆசை’ என்று பொருள். அத்தை தனியாக இறந்ததில் அதிர்ந்துபோன 39 வயதுப் பெண்ணாக அயாஸே ஹருகா நடிக்கிறார். முதல் பயத்தில் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கிளம்புகிறார். கல்யாணம் செய்தவர்களும் தனியாகச் சாகிறார்கள் என்று இளைய சக ஊழியர் ஒருவர் குறுக்கிடுகிறார். பார்த்தீர்களா, அங்கேயும் ஒரு த்ஸுக்கோமி.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நாயகன் சோகமாக இருக்க, சிரிக்கவைக்கத் தனியாக ஒரு நண்பன் பாத்திரத்தை உருவாக்காதீர்கள். சிரிப்பும் துயரமும் ஒரே ஆளிடமிருந்து, முடிந்தால் ஒரே பொருளிலிருந்து வர வேண்டும். பின்னணி இசையை நகைச்சுவைக்கு ஒன்று, சோகத்துக்கு ஒன்று என்று பிரித்தாலும் கதை அங்கேயே இரண்டாகப் பிளந்துவிடும். காட்சிகளுக்கு நடுவில் இடைவெளி விடுங்கள். ஜப்பானியர்கள் ‘மா’ என்பார்கள். கவுன்டர் வரவேண்டிய இடத்தில் அது வராமல்போகும் இரண்டு மூன்று வினாடி. அதற்கு மேல் நீட்டினால் நடிகர் சோகம் காட்டத் தொடங்கிவிடுவார். சாக நினைக்கும் பாத்திரம் வந்தால் அந்த முயற்சியையும் முறையையும் சிரிப்புக்கு எடுக்காதீர்கள், முறையைக் காட்டவும் வேண்டாம். அதற்கு முந்தின நாளும் மறுநாளும் எழுதப் போதுமான இடம் இருக்கிறது.

ஜப்பானில் சாதாரணமாக ஒரு தொடர் மூன்று மாதம், 10 பகுதி அளவில் ஓடும், விளம்பரம் போக ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். உங்களிடம் ஆறுதான் இருப்பதால் மனிதர்களைக் குறையுங்கள். சுருக்கமாகச் சொல்லக் கற்றுக்கொள்ள 2009-இல் தொடங்கிய ‘ஷின்யா ஷொகுதோ’ உதவும். நள்ளிரவில் திறக்கும் உணவுக்கடை, பகுதிக்கு அரை மணியும் இல்லை. பட்டியலில் பன்றி இறைச்சி மிஸோ சூப்பும் மதுவும் மட்டும், மதுவும் ஆளுக்கு மூன்று கோப்பைதான். பொருள் இருந்தால் கேட்டதைச் செய்து தருவார் கடைக்காரர். கறுப்புக் கண்ணாடி போட்ட ரௌடி கேட்பது ஆக்டோபஸ் மாதிரி வெட்டிப் பொரித்த சிவப்பு சாசேஜ், குழந்தைகளின் டிபன் பெட்டியில் வைப்பது. அவனைப் பற்றித் தெரியவேண்டியது அதிலேயே தெரிந்துவிடுகிறது. இதன் பிந்தைய பகுதிகள் நெட்ஃபிளிக்ஸில் உண்டு. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை நோட்டில் மூன்று பத்தி போட்டு, எந்தப் பொருள் சிரிக்கவைத்தது, அது மறுபடி எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, கவுன்டர் யார் கொடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணக்காளர். கேக்கை எடுத்துவிடுங்கள். அவர் வீட்டில் இருப்பது இரண்டு பேருக்கான காபி ஃபில்டர். அதில் ஒரு ஆளுக்கான பொடியைப் போட்டால் தண்ணீர் சரசரவென்று இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துப்போகும். அதனால் பழைய அளவே போடுகிறார், கொட்ட மனமில்லாமல் முழுவதையும் அவரே குடிக்கிறார். இது அவருடைய சட்டம், இதற்குக் காரணம் துக்கமல்ல, ஃபில்டர். கணக்காளர் ஆயிற்றே, நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்: அரைக் கிலோ பொடி அப்போதும் 11 நாள், இப்போதும் 11 நாள். ஆள் பாதியானபின் பொடி எப்படி அதே நாளில் தீரும்? கடைக்காரர் எடை குறைக்கிறார் என்று முடிவுகட்டி, சமையலறைத் தராசைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார். கடைக்காரர் இரண்டு தராசிலும் நிறுத்துக் காட்டுகிறார். 502 கிராம்.

‘பொடி சரியா இருக்கு சார். நீங்க குடிக்கிறதத்தான் கணக்குல விட்டுட்டீங்க.’

கவுன்டர் வந்துவிட்டது. அவர் பதில் பேசக் கூடாது, பொட்டலத்தை மறுபடி கட்டச் சொல்லட்டும். வீட்டுக்கு வந்ததும் சமையலறை வாசலில் நின்று, வழக்கமான குரலில், ‘ரெண்டு கிராம் கொசுறு போட்டிருக்கான்’ என்று உரக்கச் சொல்கிறார். மனைவி இருந்திருந்தால் இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். இரண்டு வினாடி, இசை வேண்டாம். பிறகு அவர் டப்பாவைத் திறந்து பொடியைக் கொட்டுகிற சத்தத்தோடு வெட்டிவிடுங்கள்.